அண்ணை ஊத்தித் தந்த தேத்தண்ணி

தம்பி, குறை நினையாதையுங்கோ, அந்தக் கரைக்குக் கொஞ்சம் அரக்கி இருக்கிறியளோ? எனக்கு பஸ்ஸிலை பின் வாங்குதான் வேணும். பின் வாங்கெண்டால் முதுகுப் பக்கம் ஒருத்தரும் இல்லை, தகரம் மட்டும்தான். முன்னுக்கு இருக்கிற எல்லாரின்ர பிடரியும் தெரியும். பிடரியைப் பாத்தே ஆள் என்ன யோசிக்குது எண்டு நான் சொல்லுவன். அந்தா, நீலச் சேட்டுக்காரர், வீட்டிலை சண்டை பிடிச்சுப்போட்டு வந்திருக்கிறார். சும்மா சொல்லேல்லை. வேணுமெண்டால் போய்க் கேட்டுப் பாருங்கோ.

நான் பூவரசடிச் சந்தியிலை இறங்கிறன். சீ, அதைச் சொல்லியிருக்கக்கூடாது. மறந்திடுங்கோ. நான் எங்கையோ இறங்கிறன்.

கடமையிலை போறன், தம்பி. இரகசியக் கடமை. ஆருக்கும் மூச்சு விடக்கூடாது. ஆனால் உங்களைப் பாத்தால் படிச்ச பிள்ளை. பல்கலைக்கழகமோ? ஓம், அதுதான் முகத்திலை உப்பிடி ஒரு நித்திரை. உங்களுக்குச் சொன்னால் வெளியிலை போகாது. எங்கட வீதி அமைச்சர் இருக்கிறாரெல்லே, குணசீலன் எண்டு பேப்பரிலை போடுவாங்கள்? எங்களுக்கு அவர் நீலவன் அண்ணை. எங்கட இயக்கத்தின்ர தலைவர். இயக்கம் சின்னன்தான், சிரியாதையுங்கோ, ஆனால் நாங்கள் இருக்கிறம் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. காட்டுக்கை இருந்த காலம் முழுக்க அவற்ர உயிர் என்ர கையிலை. என்ர பேர் சுடரோன். வீட்டுப் பேர் வேறை, அது இப்ப தேவையில்லை.

காட்டிலை எங்களுக்கு ஒரு பழக்கம். ஒருக்காப் போன பாதையாலை திரும்பி வாறேல்லை. சொன்ன நேரத்துக்குப் போறேல்லை. பத்து மணி எண்டு சொன்னால் ஏழுக்குப் போய் எட்டுக்கு வெளிக்கிட்டிடுவம். இந்தப் பழக்கம் முழுக்க நான் கொண்டு வந்தது. அண்ணை உயிரோடை இருந்து அமைச்சர் ஆனவர் எண்டால் அதுக்கு இந்தத் தலை ஒண்டுதான் காரணம். நான் பெருமைக்குச் சொல்லேல்லை. சரி, பெருமைக்கும்தான்.

இன்னொரு பழக்கம் அண்ணையின்ரை. ஆரும் பெரிய வேலைக்குப் போறாங்கள் எண்டால், அவர் தானே அடுப்பு மூட்டி, தானே தேத்தண்ணி ஊத்தித் தருவார். வெறுந்தேத்தண்ணிதான், கையிலை ஒரு பனங்கட்டித் துண்டு. மற்ற நேரம் அந்தாளுக்கு அடுப்புப் பக்கம் தலை வைச்சும் பழக்கமில்லை. குடிச்சு முடியும் மட்டும் பக்கத்திலை குந்தியிருப்பார். கோப்பையை வாங்கி வைச்சுப்போட்டு, தோளிலை ஒரு தட்டுத் தட்டி, "போட்டு வா" எண்டு சொல்லுவார், போய்த் திரும்பி வா எண்டு. அவ்வளவுதான். அந்தத் தேத்தண்ணி கிடைச்சால் பெடியள் நெஞ்சை நிமித்திக்கொண்டு போவாங்கள். போன எல்லாரும் வந்தவை எண்டு சொல்லேலாது. எனக்கு அது ஒருநாளும் கிடைக்கேல்லை. நான் எப்பவும் அவருக்குப் பக்கத்திலை நிக்கிற ஆள், என்னை எங்கை அனுப்புறது? ஆனால் மனதுக்குள்ளை ஒரு ஆசை இருந்தது, ஏன் பொய் சொல்லுவான்.

பேந்து ஒப்பந்தம் வந்தது. துவக்கெல்லாம் குடுத்தம். எனக்கு மட்டும் பாதுகாப்புக்கெண்டு ஒரு கைத்துவக்கு விட்டவங்கள். தேர்தல் வந்தது, அண்ணை வெண்டார், மாகாணத்திலை அமைச்சர். என்ன அமைச்சு தெரியுமோ? வீதியும் பாலமும். றோட்டெல்லாம் கிண்டி விட்ட எங்களுக்கு றோட்டு அமைச்சு! குடுத்தவனுக்குப் பகிடி விளங்குது.

அமைச்சுக் கந்தோருக்கு முதல் நாள் போறம், வாசலிலை "கௌரவ தி. குணசீலன்" எண்டு ஒரு பலகை. நான் அண்ணையைக் கையிலை பிடிச்சு நிப்பாட்டிப்போட்டன். "அண்ணை, பொறுங்கோ, உள்ளுக்கை வேறை ஆரோ இருக்கிறான்" எண்டன். அவர் பலகையை எழுத்துக் கூட்டி வாசிச்சார். "அது நான்தான் எண்டு நினைக்கிறன், சுடர்" எண்டார்.

அங்கை செயலாளர் சிவபாதம் எண்டு ஒராள். தலை முழுக்க நரை, சட்டைப் பையிலை மூண்டு பேனை. ஒரு காலத்திலை நாங்கள் அவரைக் கூப்பிட்டு எச்சரிச்சும் இருக்கிறம், அரசாங்கத்துக்கு ஆகலும் உண்மையா வேலை செய்யிறார் எண்டு. இப்ப அந்தாள் அண்ணைக்குப் பக்கத்திலை நிண்டு, "சேர், இஞ்சை ஒரு கையெழுத்து, இதிலை சின்னக் கையெழுத்து" எண்டு விரலாலை காட்டுறார். அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குனிஞ்சு போடுறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அண்ணைக்கும் அது பெரிய கரைச்சல்தான். ஒருநாள் எனக்குச் சொன்னார்: "காட்டிலை நான் ஒண்டு சொன்னால் நடக்கும், சுடர். இஞ்சை நான் சொன்னால் எழுதிறாங்கள்."

அந்தக் கதிரை வேறை, சுத்துற கதிரை. முதல் நாள் இருந்தவுடனை தன்ர பாட்டிலை திரும்பிச்சுது, அண்ணை பாய்ஞ்சு எழும்பிப்போட்டார். முதுகுப் பக்கம் இவ்வளவு பெரிய யன்னல். நான் ஒவ்வொரு பின்னேரமும் கதிரையையும் மேசையையும் சுவரோடை ஒட்டி வைப்பன். காலமை வந்து பாத்தால் திரும்ப யன்னலடியிலை இருக்கும். சிவபாதத்தின்ர வேலை எண்டுதான் நினைச்சன். ஒருநாள் ஒளிச்சு நிண்டு பாக்கிறன், அண்ணை தானே வேர்த்து விறுவிறுத்து மேசையை இழுக்கிறார். "வெளிச்சம் வேணுமடா" எண்டார். வெளிச்சமாம்! ஆள் மாறுறார் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினது. அப்ப நான்தான் இன்னும் கவனமா இருக்க வேணும் எண்டு முடிவெடுத்தன்.

அண்ணைக்கு ஊர் ஊராப் போய்ச் சனத்தைக் காண வேணும் எண்டு ஒரே ஆசை. "சண்டைக் காலத்திலை அவையளுக்கு எவ்வளவோ கஷ்டம் குடுத்தம், இப்ப முன்னாலை போய் நிக்க வேணும், பேச்சு வாங்க வேணும்" எண்டார். நான் ஓம் எண்டன். நான்தான் இணைப்பாளர், கூட்டம் ஒழுங்கு செய்யிறது என்ர வேலை. ஓட்டோவிலை ஒலிபெருக்கி கட்டி, "பத்து மணிக்கு அமைச்சர் வருகிறார், அனைவரும் வருக" எண்டு ஊரெல்லாம் சொல்லுவிப்பன். அண்ணைக்கு ஏழு எண்டு சொல்லுவன். ஏழுக்குப் போவம். மண்டபம் கழுவித் துடைச்சு, கதிரை எல்லாம் வரிசையா இருக்கும். ஒரு குருவி இல்லை. கிராம சேவையாளர் மட்டும் நிண்டு கையைப் பிசைவார். அவர் வாயைத் துறக்கப் பாத்தால் நான் ஒரு பார்வை பாப்பன், மூடிப்போடுவார். அண்ணை முன் கதிரையிலை கொஞ்ச நேரம் இருப்பார். பேந்து எழும்பிப் போவம். ஒரு ஆபத்து இல்லை, ஒரு நெரிசல் இல்லை. இப்பிடிப் பாதுகாப்பு எந்த அமைச்சருக்கு இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்?

என்ன, உப்பிடிப் பாக்கிறியள்? சனமோ? சனம் பத்துக்கு வந்து பாத்திட்டுப் போகும். அதுக்கென்ன, அவையளுக்குக் காத்திருந்து பழக்கம்தானே.

அண்ணைதான் பிழையா விளங்கிக்கொண்டார். வாகனத்திலை வரேக்கை "ஒருத்தரும் வரேல்லையேடா" எண்டார் முதல். "நல்லதுதானே அண்ணை" எண்டன். அடுத்த ஊரிலையும் அப்பிடி. அதுக்கடுத்த ஊரிலையும் அப்பிடி. "எங்களை மன்னிக்க மாட்டினம் போல, சுடர். திட்டுறதுக்குக்கூட வரமாட்டினமாம்" எண்டார். சாப்பாடு குறைஞ்சு போச்சு. உடுப்புத் தொளதொள எண்டு தொங்குது. சீனி வருத்தமோ எண்டு நான் பயந்து டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். டொக்டர் ஒண்டுமில்லை எண்டார். ராஜினாமாச் செய்யப் போறன் எண்டு சிவபாதத்துக்குச் சொன்னவராம். அந்தாள் என்னைப் பாத்து, "தம்பி, உங்களுக்கு ஏதும் தெரியுமோ?" எண்டு கேட்டது. எனக்கென்ன தெரியும்? நான் பாதுகாப்பு மட்டும்தான்.

இதுக்குள்ளை ஒரு மனிசி, தெய்வானை எண்டு பேர், கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் கந்தோருக்கு வரும். கையிலை எப்பவும் ஒரு துணிப் பை. அமைச்சரை ஒரு நிமிசம் காண வேணுமாம். அவவின்ர மகன் தயாபரன் எங்கடை பெடியன்தான். நல்ல பெடியன், நல்லாப் பாடுவான். சாளம்பன் பாலம் உடைக்கப் போனவன், வரேல்லை. அதுதான் எனக்கு யோசனை. மகனைக் குடுத்த தாய், மனதிலை என்ன இருக்கோ, பையுக்கை என்ன இருக்கோ. "அமைச்சர் கூட்டத்திலை" எண்டு சொல்லித் திருப்பி அனுப்புவன். மனிசி ஒருநாளும் சண்டை பிடிக்கேல்லை. "சரி ராசா, அடுத்த கிழமை வாறன்" எண்டுபோட்டுப் போகும். சண்டை பிடியாத ஆக்களிலைதான் கூடுதல் கவனம் வேணும்.

அந்தச் சாளம்பன் பாலத்தைத்தான் திருப்பிக் கட்டினாங்கள். உடைச்சதும் நாங்கள், திறக்கிறதும் நாங்கள். அண்ணை சொன்னார், "இது ஒண்டைத் திறந்துபோட்டு நான் விட்டுப்போறன், சுடர். இதுக்கும் ஒருத்தரும் வராட்டில் எனக்கு இந்தக் கதிரை வேண்டாம்." நான் வழக்கம் போலை செய்தன். சனத்துக்குப் பத்து, அண்ணைக்கு ஏழு.

ஏழுக்குப் போய் இறங்கிறம். நாடா கட்டியிருக்கு, தோரணம் கட்டியிருக்கு, ஆள் இல்லை. அண்ணையின்ர முகம் விழுந்து போச்சு. அப்பதான் பாக்கிறன், பாலத்தின்ர நடுவிலை, ஓரச் சுவர்க் கட்டிலை ஆரோ இருக்கினம். பையோடை! நான் ஓடிப்போய் மறிச்சன். "அம்மா, பத்து மணிக்கெண்டுதானே சொன்னது, இப்ப ஏன் வந்தனியள்?" எண்டன். மனிசி சிரிச்சுது. "நீங்கள் பத்தெண்டு சொன்னால் பத்துக்கு வரமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும், ராசா. என்ர தயாவும் அப்பிடித்தான். வெள்ளிக்கிழமை வாறன் எண்டு சொல்லி அனுப்புவான், புதனுக்கு வந்து குசினிக்கை நிப்பான். நான் புதனுக்கே சமைச்சு வைச்சிடுவன்."

அதுக்குள்ளை அண்ணை கிட்ட வந்திட்டார். மனிசி பைக்குள்ளை கையை விட்டுது. நான் இடுப்புத் துவக்கிலை கையை வைச்சிட்டன், தம்பி. எடுத்தது சுடுதண்ணிப் போத்தல். மூடியிலை தேத்தண்ணியை ஊத்தி அண்ணைக்கு நீட்டுது. விடுவனோ நான்? பறிச்சு ஒரே மூச்சிலை குடிச்சுப் போட்டன். கடமையெண்டால் கடமை. தொண்டை வெந்து போச்சு. இஞ்சி போட்ட பால் தேத்தண்ணி, நஞ்சு ஒண்டும் இல்லை, அருமையான தேத்தண்ணி. மனிசி என்ர முகத்தைப் பாத்து, "பாவம் பிள்ளைக்கு நல்ல பசிபோல, இன்னும் கிடக்கு" எண்டு சொல்லி அண்ணைக்கு வேறை ஊத்திச்சுது. அண்ணை என்னைப் பாத்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் விளங்கேல்லை.

அவர் வெறும் நிலத்திலை குந்திப்போட்டார். அமைச்சர் உடுப்போடை, தூசிக்கை. அவ கேட்டுது, "கடைசியா அவனுக்குத் தேத்தண்ணி குடுத்தது நீங்கள்தானாம். குடிச்சவனோ, தம்பி? வீட்டிலை எண்டால் கேட்டு வாங்கிப்போட்டு ஆறவிட்டிடுவான். அதை ஒருக்காக் கேக்கத்தான் வந்து வந்து போனனான்." இதுக்காகத்தான் இவ்வளவு கிழமையும் வந்துதாம்! நான் என்ன என்னவோ யோசிச்சு வைச்சிருந்தன்.

அண்ணை, "குடிச்சவன், அம்மா. முழுக்கக் குடிச்சவன். இன்னும் கொஞ்சம் கேட்டவன். நேரமாச்சு எண்டு நான் குடுக்கேல்லை" எண்டார். சொல்லிப்போட்டுச் சேட்டுக் கையாலை கண்ணைத் துடைச்சார். இத்தனை வருசத்திலை அந்தாள் அழுது நான் கண்டதில்லை. கண்டால் என்ன செய்யிறதெண்டும் எனக்குத் தெரியாது. நான் மற்றப் பக்கம் திரும்பி றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

பேந்து அந்த மனிசிதான் சொல்லிச்சுது, "போன மாதம் எங்கட பள்ளிக்கூட மண்டபத்திலையும் மத்தியானம் வரைக்கும் எல்லாரும் பாத்துக்கொண்டு இருந்தம், நீங்கள் வந்திட்டுப் போட்டியளாம்." அண்ணை மெதுவாத் திரும்பினார். "சுடர், சனத்துக்கு எத்தனை மணி எண்டு சொன்னனி?" "பத்து, அண்ணை." "எல்லா ஊரிலையுமோ?" "எல்லா ஊரிலையும், அண்ணை. ஒரு இடத்திலையும் பிழை விடேல்லை" எண்டன். அவர் தலையை ஆட்டினார். எனக்குச் சந்தோசம், கடைசியா என்ர வேலையின்ர அருமை தெரிஞ்சுதே எண்டு.

ஆனால் அங்கேருந்து அசையமாட்டன் எண்டிட்டார். பத்து மணி வரைக்கும் அந்த மனிசிக்குப் பக்கத்திலை குந்தியிருந்து தயாபரனின்ர கதை கேட்டார். பத்துக்கு வந்துதே சனம்! அப்பப்பா. மேளம் ஒரு பக்கம், நிறைகுடம் ஒரு பக்கம். சுத்திவர ஆக்கள், நாலு பக்கமும் திறந்த வெளி, முதுகுக்கு ஒரு சுவர் இல்லை. ஒரு கிழவர் அண்ணையின்ர சேட்டைப் பிடிச்சு உலுப்பி, "என்ர உழவு மிசினை எங்கையடா கொண்டு போனனியள்?" எண்டு கேக்கிறார். ஒரு மனிசி ஒப்பாரி வைக்குது. ஒருத்தன் மாலை போடுறான், மற்றவன் தூசணத்தாலை பேசுறான். அண்ணை எல்லாத்துக்கும் கையைக் கட்டிக்கொண்டு ஓம் ஓம் எண்டுகொண்டு நிக்கிறார். முகத்தைப் பாத்தால் சிரிப்பு! பேச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கிறார், தம்பி. ராஜினாமாக் கதை அதோடை போச்சு. நாடாவைத் தெய்வானை அம்மாதான் வெட்டினது.

அதுக்கு மறுநாள்தான் விசயம். நேற்று. கந்தோர்க் குசினிக்கை ஏதோ சத்தம் கேக்குது, போய்ப் பாத்தால் அண்ணை. பியோனை வெளியிலை விட்டிட்டுத் தானே கேத்தில் வைக்கிறார். வெறுந்தேத்தண்ணி. பனங்கட்டியும் எங்கையோ தேடி எடுத்து வைச்சிருக்கிறார். "இரு, சுடர்" எண்டார். ஊத்தித் தந்தார். குடிச்சு முடியும் மட்டும் பக்கத்திலை குந்தியிருந்தார். எத்தனை வருசம் பாத்துக்கொண்டிருந்த தேத்தண்ணி! பனங்கட்டியைக் கடிக்கவும் மறந்துபோனன்.

"நீ வீட்டை போ" எண்டார். "மனிசியோடை, பிள்ளையோடை இரு. சறோ எத்தனை வருசம் தனியக் கிடந்து இழுக்கிறாள். கைத்துவக்கைச் சிவபாதத்திட்டைக் குடு. நாளைக்குக் காலமை பஸ்ஸிலை போ." நான் ஒரு கேள்வி கேக்கேல்லை. தேத்தண்ணி குடிச்சவன் கேள்வி கேக்கிறேல்லை. எனக்கு உடனை விளங்கினது. ஊரிலை ஏதோ நடக்கப் போகுது, அண்ணைக்கு அங்கை ஒரு கண் வேணும். ஆயுதம் இல்லாமல், சாதாரண மனிசன் மாதிரி இருக்கிறதுதான் மறைப்பு. மனிசியோடை சந்தைக்குப் போறது, பிள்ளையைச் சைக்கிளிலை பள்ளிக்கூடம் ஏத்திறது, ரண்டு கோழி வளக்கிறது. ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது. எவ்வளவு காலம் எண்டு சொல்லேல்லை. நீண்ட காலத் திட்டம்தான் போல.

கோப்பையை வாங்கி வைச்சார். தோளிலை தட்டினார். "போட்டு வா" எண்டதை மட்டும் சொல்லேல்லை. மறந்திருப்பார். அமைச்சருக்கு ஆயிரம் யோசனை.

தம்பி, யன்னலாலை பாருங்கோ, சந்தி வருதோ? நான் சந்தியிலை இறங்கமாட்டன், ஒரு தரிப்புத் தள்ளி இறங்கி வயலுக்காலை சுத்தித்தான் போவன். சறோவுக்கும் வெள்ளிக்கிழமை வாறன் எண்டுதான் சொல்லி வைச்சனான். இண்டைக்குச் செவ்வாய். பாருங்கோ, பெண்சாதிக்குக்கூடத் தெரியாது. அண்ணை ஒராளுக்கு மட்டும்தான் நான் இந்த பஸ்ஸிலை வாறது தெரியும்.

பொறுங்கோ. தலையைக் குனியுங்கோ. அந்தா, பூவரசடியிலை குடையோடை நிக்கிறது... சறோ. பிள்ளையும் நிக்குது. பள்ளிக்கூடம் போகேல்லையோ இது? நல்ல சட்டை போட்டிருக்குது. பஸ்ஸுக்குள்ளை எட்டி எட்டிப் பாக்குதுகள்.

வெள்ளிக்கிழமை எண்டெல்லே சொன்னனான். இவளுக்கு ஆர் சொன்னது? ஒருத்தருக்கும் தெரியாதே. அண்ணைக்குத்தானே...

அண்ணை போன் எடுத்திருக்கிறார்.

தம்பி, நீங்கள் படிச்ச பிள்ளை, சொல்லுங்கோ. இரகசிய வேலைக்கு ஆளை அனுப்பிறவை, அவன்ர மனிசிக்குப் போன் எடுத்து பஸ் வாற நேரம் சொல்லுவினமோ?

இல்லை, விடுங்கோ. பதில் வேண்டாம். காலைக் கொஞ்சம் எடுங்கோ, நான் இஞ்சையே இறங்கிறன். எவ்வளவு நேரமோ தெரியாது, அவள் வெய்யிலுக்கை நிக்கிறாள்.